பரீட்சையில் தோற்றும் நோட்டைக் கைவிடாத ராமானுஜன்: வேலை தேடி அலைந்த நாலு வருஷம்

வேலை இல்லாதவனுக்குப் பசியைவிடப் பெரிய தொல்லை ஒன்று உண்டு. இப்போது என்ன செய்துகொண்டிருக்கிறாய் என்று பார்ப்பவர் எல்லாம் கேட்கும் கேள்விதான் அது.

ஊரிலிருந்து மும்பைக்கு வந்து, மாட்டுங்காவில் மாமா வீட்டிலோ தாராவியில் அண்ணன் அறையிலோ தங்கி வேலை தேடும் நம் பிள்ளைகளுக்கு அந்தக் கேள்வி நன்றாகத் தெரியும். காலையில் எல்லோரும் லோக்கல் ரயிலைப் பிடிக்க ஓடிவிடுவார்கள். அறையில் மிஞ்சுவது பாயும் தலையணையும் வேலை தேட வந்த பிள்ளையும்தான். முதல் மாதம் காலை 6 மணிக்கு எழுந்தவன், நாலாவது மாதம் 10 மணிக்கு எழுந்திருப்பான். அவனைச் சோம்பேறி என்று சொல்லிவிடுவது எளிது. எழுந்து என்ன செய்வது என்பது அவனுக்கல்லவா தெரியவில்லை!

நூறு ஆண்டுகளுக்கு முன்பு இதே நிலையில் நாலு வருஷம் திண்டாடியவர் கும்பகோணத்து இளைஞர் ஒருவர். கணித மேதை ராமானுஜன் என்று பின்னாளில் உலகம் அறிந்தது அவரைத்தான். அவர் இங்கிலாந்துக்குப் போய்ப் பெற்ற பெருமை எல்லோரும் அறிந்தது. அதற்கு முன்பு வேலையில்லாத நாட்களை அவர் எப்படிக் கழித்தார்? நம்மவர்கள் தெரிந்துகொள்ள வேண்டியது அந்தக் கதை.

ஜவுளிக் கடைக் கணக்கர் மகன்

ராமானுஜன் பிறந்தது ஈரோட்டில், தாயார் கோமளத்தம்மாளின் பெற்றோர் வீட்டில். தேதி 1887 டிசம்பர் 22. வளர்ந்தது கும்பகோணத்தில், சாரங்கபாணி சன்னதித் தெருவில் உள்ள ஓட்டு வீட்டில்.

தகப்பனார் சீனிவாச அய்யங்காருக்கு ஒரு ஜவுளிக் கடையில் கணக்கு எழுதும் வேலை. சம்பளம் மாதம் 20 ரூபாய் அளவில்தான். தாயார் கோயிலில் பஜனை பாடினார். படிக்க வரும் வெளியூர்ப் பிள்ளைகளை வீட்டில் தங்கவைத்துச் சாப்பாடு போட்டும் குடும்பத்துக்கு நாலு காசு சேர்த்தார்.

டவுன் ஹைஸ்கூலில் படிக்கும்போதே பையனின் கணக்கு எல்லோரையும் அசத்தியது. 1903-ஆம் ஆண்டு கார் என்ற ஆங்கிலேயர் எழுதிய கணிதத் தொகுப்பு நூல் ஒன்று அவர் கைக்கு வந்தது. ஏறக்குறைய 5,000 சூத்திரங்கள் அடங்கிய நூல் அது. விளக்கம் அதிகம் கிடையாது. ஒவ்வொன்றையும் தானே போட்டுப் பார்க்கத் தொடங்கினார் ராமானுஜன். அதில் இல்லாத சூத்திரங்களும் அவருக்கு வர ஆரம்பித்தன.

1904-இல் பள்ளிப் படிப்பு முடிந்தது. கணிதத்துக்காக ரங்கநாத ராவ் பரிசும், கும்பகோணம் அரசுக் கல்லூரியில் சேர உபகாரச் சம்பளமும் கிடைத்தன. வீட்டில் எல்லோரும் பெரிய உத்தியோகக் கனவு கண்டார்கள்.

இரண்டு தோல்விகள்

கனவு ஒரு வருஷம்கூட நிற்கவில்லை. கணிதத்தைத் தவிர வேறு பாடத்தில் அவருக்கு மனம் செல்லவில்லை. ஆங்கிலத்தில் தோற்றார். உபகாரச் சம்பளம் பறிபோனது.

அந்த அவமானத்தை அவரால் தாங்க முடியவில்லை. 1905 ஆகஸ்டில் வீட்டில் சொல்லாமல் ரயிலேறிவிட்டார். போன இடம் விசாகப்பட்டினம். பெற்றோர் தவித்துப்போய்த் தேடினார்கள். பையனைக் காணவில்லை என்று பத்திரிகையில்கூடச் செய்தி வந்தது. பிறகு எப்படியோ வீடு திரும்பினார்.

அடுத்த வருஷம் சென்னை பச்சையப்பன் கல்லூரி. அங்கும் அதே கதை. இடையில் உடம்பு சரியில்லாமல் போய் ஊருக்கு வர நேர்ந்தது. 1906 கடைசியில் எழுதிய எஃப்.ஏ. பரீட்சையில் தேறவில்லை. 1907-இல் தனியாகப் படித்து மறுபடி எழுதினார். மறுபடியும் தோல்வி. கணிதத்தில் சூரர், உடலியல் பாடத்திலோ மதிப்பெண் வாங்கவே முடியவில்லை.

அத்தோடு கல்லூரிக் கதவு மூடியது. வயது 20. கையில் பட்டம் இல்லை, வேலை இல்லை, வேலைக்குச் சிபாரிசு செய்ய ஆளும் இல்லை.

முதல் தோல்வியில் வீட்டைவிட்டு ஓடியவர், இரண்டாவது தோல்விக்குப் பிறகு ஓடவில்லை. நோட்டுப் புத்தகத்தைத் திறந்துகொண்டு உட்கார்ந்தார்.

திண்ணையும் சிலேட்டும்

சாரங்கபாணி சன்னதித் தெரு வீட்டின் திண்ணைதான் அவருடைய அலுவலகம். தெருவில் பிள்ளைகள் விளையாடும். கோயிலுக்குப் போகிறவர்கள் கடந்து போவார்கள். அவர் மடியில் பெரிய சிலேட்டை வைத்துக்கொண்டு எழுதுவார். எழுதியதை முழங்கையால் அழிப்பார், மறுபடி எழுதுவார்.

காகிதம் வாங்கக் காசில்லாததால் வந்தது இந்த ஏற்பாடு. சிலேட்டில் போட்டுப் பார்த்து, முடிவு சரி என்று தெரிந்தால் அந்த முடிவை மட்டும் நோட்டில் எழுதிக்கொள்வார். சில சமயம் நீல மையில் எழுதிய காகிதத்தின் மேலேயே சிவப்பு மையில் எழுதியதும் உண்டு.

இப்படி நிரம்பிய நோட்டுகளில் 3,000-க்கும் மேற்பட்ட கணித முடிவுகள் இருக்கின்றன. நிரூபணம் எழுதாமல் முடிவை மட்டும் எழுதியதால், அவற்றைச் சரிபார்க்கப் பின்னாளில் வந்த பேராசிரியர்கள் பல ஆண்டுகள் உழைத்தார்கள். அமெரிக்கப் பேராசிரியர் புரூஸ் பெர்ண்ட் வெளியிட்ட விளக்கம் மட்டும் 5 தொகுதிகள். முதல் தொகுதி 1985-இல் வந்தது, கடைசித் தொகுதி 1998-இல் வந்தது.

ஆனால் 1908-இல் தெருவில் போகிறவர்களுக்கு இதெல்லாம் எப்படித் தெரியும்? பரீட்சையில் இரண்டு தடவை தோற்ற பையன் திண்ணையில் உட்கார்ந்து ஏதோ கிறுக்கிக்கொண்டிருக்கிறான் என்றுதான் தெரியும். சம்பளம் வராத உழைப்பு ஊர் கண்ணுக்கு உழைப்பாகத் தெரிவதில்லை.

7 ரூபாய் டியூஷன்

டியூஷன் சொல்லிக்கொடுத்துச் சம்பாதிக்கலாம் என்றும் பார்த்தார். கும்பகோணத்தில் ஒரு பேராசிரியரின் மகனுக்குக் கணக்குச் சொல்லித்தர, காலையில் ஊரின் அந்தக் கோடி வரை நடந்து போவார். மாதம் 7 ரூபாய் கிடைத்தது.

ஆனால் பரீட்சைக்கு வேண்டியதை மட்டும் சொல்லித்தர அவருக்கு வரவில்லை. ஒரே கணக்கை நாலு விதமாகப் போட்டுக் காட்டுவார். புத்தகத்தில் உள்ள முறை வேண்டும் என்று பையன் தவிப்பான். பி.ஏ. பரீட்சைக்குத் தயாரான மாணவர் ஒருவர் இரண்டு வாரத்தில் நின்றுவிட்டார். டியூஷனால் குடும்பத்துக்கு உதவ முடியாது என்று தெரிந்துபோயிற்று.

1909 ஜூலை 14 அன்று ஜானகியுடன் திருமணம் நடந்தது. அந்தக் கால வழக்கப்படி மணப்பெண்ணுக்கு வயது 10. சில ஆண்டுகள் கழித்துத்தான் குடித்தனம் என்றாலும், பொறுப்பு அன்றே வந்துவிட்டது.

அடுத்து ஒரு சோதனை. அவருக்கு விரைவீக்கம் இருந்தது, ஆபரேஷன் செய்யப் பணம் இல்லை. 1910 ஜனவரியில் ஒரு டாக்டர் இலவசமாகச் செய்துவிட்டார். பிறகும் ஒரு முறை சென்னையில் உடம்பு மோசமானது. நண்பர் ராதாகிருஷ்ண அய்யர் வைத்தியரிடம் காட்டிக் கவனித்துக்கொண்டார். ஊருக்கு ரயிலேறும்போது ராமானுஜன் தன் நோட்டுகளை அந்த நண்பரிடம் ஒப்படைத்தார். தான் இறந்துவிட்டால் பச்சையப்பன் கல்லூரிப் பேராசிரியர் சிங்காரவேலு முதலியாரிடமோ, கிறிஸ்தவக் கல்லூரிப் பேராசிரியர் ராஸ் துரையிடமோ அவற்றைக் கொடுத்துவிட வேண்டும் என்று கேட்டுக்கொண்டார்.

22 வயது இளைஞர், ஒரு காசு சொத்து இல்லாதவர், உயில் எழுதுவதுபோல் நோட்டுகளை ஒப்படைக்கிறார். அந்த நாலு வருஷத்தில் அவரைத் தாங்கிப் பிடித்தது எது என்பதற்கு இதைவிட வேறு சாட்சி வேண்டாம்.

நோட்டைக் கையில் எடுத்துக்கொண்டு

ராமானுஜன் திண்ணையோடு நின்றிருந்தால் இந்தக் கதை அங்கேயே முடிந்திருக்கும். உடம்பு தேறியதும் நோட்டுகளைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு ஆள் ஆளாகப் பார்க்கப் புறப்பட்டார்.

1910-இன் பிற்பகுதியில் விழுப்புரத்துக்கு மேற்கே உள்ள திருக்கோவிலூருக்குப் போனார். அங்கே டெபுடி கலெக்டராக இருந்தவர் ராமசாமி அய்யர். 1907-இல் இந்தியக் கணிதக் கழகத்தைத் தொடங்கியவர் அவர். ராமானுஜன் கேட்டது தாலுகா அலுவலகத்தில் ஒரு குமாஸ்தா வேலை.

ராமசாமி அய்யர் நோட்டைப் புரட்டினார். வேலை கொடுக்கவில்லை. இவ்வளவு திறமையுள்ளவரை ரெவின்யூ இலாகாவின் கடைசிப் படியில் உட்காரவைத்தால் அது அணைந்துபோகும் என்று அவருக்குப் பட்டது. சென்னையில் உள்ள கணித நண்பர்களுக்குக் கடிதம் எழுதிக் கொடுத்து அனுப்பினார்.

வேலை கேட்டுப் போனவருக்குக் கடிதம் கிடைத்தால் அன்று ஏமாற்றமாகத்தான் இருக்கும். ஆனால் அந்தக் கடிதம் பழைய ஆசிரியர் சேஷு அய்யரிடம் கொண்டுபோய்ச் சேர்த்தது. சேஷு அய்யர் கொடுத்த கடிதம் நெல்லூர் கலெக்டர் ராமச்சந்திர ராவிடம் சேர்த்தது. ஒரு வாசல் அடுத்த வாசலைக் காட்டியது.

25 ரூபாய் உதவி

ராமச்சந்திர ராவ் முதலில் நம்பவில்லை. ஆள் அழுக்கு வேட்டி, சவரம் செய்யாத முகம். நோட்டில் உள்ளதெல்லாம் சொந்தச் சரக்குதானா என்ற சந்தேகமும் இருந்தது. பல முறை பார்த்துப் பேசிய பிறகுதான், எதிரில் உட்கார்ந்திருப்பது சாதாரண ஆள் இல்லை என்று அவருக்குப் புரிந்தது.

என்ன வேண்டும் என்று கேட்டார் ராவ். சாப்பாட்டுக் கவலை இல்லாமல் கணிதம் போட வழி வேண்டும் என்றார் ராமானுஜன். நெல்லூரில் ஒரு மூலை அலுவலகத்தில் அவரை முடக்க விரும்பாத ராவ், சென்னையிலேயே இருக்கச் சொல்லி மாதம் 25 ரூபாய் அனுப்பினார்.

அந்த ஆதரவில் 1911-ஆம் ஆண்டு இந்தியக் கணிதக் கழகப் பத்திரிகையில் ராமானுஜனின் முதல் கட்டுரை வெளிவந்தது. பெர்னூலி எண்கள் பற்றிய 17 பக்கக் கட்டுரை. அதே ஆண்டு அந்தப் பத்திரிகையில் வாசகர்களுக்குச் சில கணக்குகளும் போட்டார். அதில் ஒன்றுக்கு ஆறு மாதம் வரை யாரிடமிருந்தும் விடை வரவில்லை. கடைசியில் அவரே விடை சொன்னார்.

அவருடைய எழுத்து சுருக்கமாக, பிறருக்கு விளங்காதபடி இருந்தது. பத்திரிகை ஆசிரியர் நாராயண அய்யங்கார் சொன்னபடி திருத்தி எழுத வேண்டியிருந்தது. தனக்குத் தெரிந்ததைப் பிறருக்குப் புரியும்படி சொல்லும் பயிற்சியும் வேலையில்லாத நாட்களில்தான் அவருக்குக் கிடைத்தது.

30 ரூபாய் குமாஸ்தா

ராமச்சந்திர ராவின் பணம் நிற்கவில்லை. ஆனாலும் இன்னொருவருக்குப் பாரமாக நெடுநாள் இருக்க ராமானுஜனுக்கு மனம் ஒப்பவில்லை. உபகாரச் சம்பளத்துக்கான முயற்சிகளும் பலிக்கவில்லை. மீண்டும் வேலை தேடினார்.

1912 ஜனவரியில் சென்னை அக்கவுண்டண்ட் ஜெனரல் அலுவலகத்தில் 20 ரூபாய் சம்பளத்தில் ஒரு தற்காலிக வேலை கிடைத்தது. அது சில வாரங்கள்தான்.

பிறகு திருவல்லிக்கேணி சம்மர் ஹவுஸ் என்ற விலாசத்திலிருந்து, 1912 பிப்ரவரி 9 தேதியிட்டு, சென்னைத் துறைமுக டிரஸ்டுக்கு ஒரு மனுப் போட்டார். வேலை தேடும் ஒவ்வொருவரும் அந்த மனுவைப் பற்றித் தெரிந்துகொள்ள வேண்டும். மெட்ரிகுலேஷன் தேறியதைச் சொன்னார். எஃப்.ஏ. வரை படித்ததையும், சூழ்நிலை காரணமாகப் படிப்பு நின்றதையும் சொன்னார். நடுவில் இருந்த வெற்று வருஷங்களை அவர் மறைக்கவில்லை. அந்தக் காலம் முழுவதும் கணிதத்தில் உழைத்ததாக எழுதினார். பிரசிடென்சி கல்லூரிப் பேராசிரியர் மிடில்மாஸ்ட் கொடுத்த சிபாரிசுக் கடிதத்தையும் இணைத்தார்.

நாலு வருஷம் என்ன செய்தாய் என்ற கேள்விக்கு அவரிடம் பதில் இருந்தது. பதிலுக்குச் சாட்சியாக நோட்டும், அச்சான கட்டுரையும் இருந்தன.

1912 மார்ச் 1 அன்று துறைமுக டிரஸ்டில் மூன்றாம் வகுப்பு, நாலாம் கிரேடு குமாஸ்தாவாகச் சேர்ந்தார். சம்பளம் 30 ரூபாய். அலுவலகக் கணக்கைச் சீக்கிரம் முடித்துவிட்டு, மிச்ச நேரத்தில் தன் கணக்கைப் போடுவார். சரக்குகள் சுற்றிவந்த காகிதம் துறைமுகத்தில் கிடக்கும். அதையும் பொறுக்கி எழுதுவார்.

மேலதிகாரி நாராயண அய்யர் கணிதக் கழகத்தின் பொருளாளர். டிரஸ்டின் தலைவர் சர் பிரான்சிஸ் ஸ்பிரிங் முன்னாள் ரயில்வே பொறியாளர். இருவரும் குமாஸ்தாவைத் தட்டிக்கொடுத்தார்கள். இரவில் திருவல்லிக்கேணியில் நாராயண அய்யர் வீட்டு மாடியில் இருவரும் ஆளுக்கொரு சிலேட்டுடன் உட்கார்ந்து கணக்குப் போடுவார்கள்.

கடிதம் கடல் கடந்தது

கேம்பிரிட்ஜ் பேராசிரியர்கள் இருவருக்கு அவருடைய கணிதம் அனுப்பப்பட்டது. பயன் இல்லை. 1913 ஜனவரி 16 அன்று மூன்றாமவரான ஹார்டிக்கு எழுதினார். துறைமுகத்தில் ஆண்டுக்கு 20 பவுன் சம்பளம் வாங்கும் குமாஸ்தா என்று தொடங்கி, பக்கம் பக்கமாகச் சூத்திரங்களை எழுதினார். எல்லாம் கும்பகோணத்துத் திண்ணையிலும் சென்னை அறைகளிலும் நிரம்பிய நோட்டிலிருந்து எடுத்தவை. ஹார்டி அசந்துபோனார்.

அதன்பின் எல்லாம் வேகமாக நடந்தன. 1913 மே முதல் பட்டம் இல்லாத அவருக்குச் சென்னைப் பல்கலைக்கழகம் மாதம் 75 ரூபாய் ஆராய்ச்சி உதவித்தொகை கொடுத்தது. 1914 மார்ச் 17 அன்று நெவாசா என்ற கப்பலில் இங்கிலாந்து புறப்பட்டார். 1916-இல் கேம்பிரிட்ஜ் பட்டம் பெற்றார். 1918-இல் லண்டன் ராயல் சொசைட்டியின் உறுப்பினரானார். அந்தப் பெருமையைப் பெற்ற இரண்டாவது இந்தியர் அவர். முதல்வர் நம் மும்பையைச் சேர்ந்த கப்பல் பொறியாளர் அர்தேஷிர் கர்செட்ஜி, அது 1841-இல்.

உடம்பு கேட்ட கணக்கு

இந்தக் கதையில் இன்னொரு பக்கமும் இருக்கிறது. சென்னையில் அவர் ஏழை. ஆனால் தங்க நண்பர் அறை இருந்தது, வைத்தியரிடம் கூட்டிப்போக ஆள் இருந்தது, சிலேட்டை எடுத்துக்கொண்டு எதிரில் உட்கார நாராயண அய்யர் இருந்தார். கேம்பிரிட்ஜில் வேலையும் புகழும் இருந்தன. நம்முடைய சாப்பாடும் பேச்சுத்துணையும் இல்லை. உலகப் போர்க் காலம். நேரம் தவறித் தானே சமைத்துச் சாப்பிட்டார். 1917-இல் படுத்த படுக்கையானார்.

காச நோய் என்று அன்று வைத்தியம் பார்த்தார்கள். ஈரலைத் தாக்கிய அமீபா நோயாக இருக்கலாம் என்று 1994-இல் ஒருவர் ஆராய்ந்து எழுதினார். எதுவானாலும் உடம்பு மீளவில்லை. 1919 மார்ச்சில் பம்பாய்த் துறைமுகத்தில் வந்து இறங்கினார். 1920 ஏப்ரல் 26 அன்று சென்னை சேத்துப்பட்டில் காலமானார். வயது 32. கடைசி நாட்களிலும் படுக்கையில் கணக்குப் போட்டார்.

உழைப்பு மனத்தைத் தாங்கும். உடம்பைத் தாங்கச் சோறும் மனிதர்களும் வேண்டும். வேலை தேடும் பிள்ளை எப்போதும் ஏதாவது செய்துகொண்டிருக்க வேண்டும் என்று சொல்கிற நாம், அவன் வேளைக்குச் சாப்பிட்டானா என்றும் கேட்க வேண்டும்.

பம்பாயில் ஜானகி அம்மாள்

கணவர் இறந்தபோது ஜானகி அம்மாளுக்கு வயது 21. சிறிய ஓய்வூதியம் ஒன்றைத் தவிர வேறு ஆதாரம் இல்லை. பம்பாயில் இருந்த சகோதரர் வீட்டுக்கு வந்து சில ஆண்டுகள் தங்கினார். இந்த ஊரில்தான் தையல் கற்றுக்கொண்டார். பிறகு திருவல்லிக்கேணிக்குத் திரும்பி, தையல் வேலை செய்து சொந்தக் காலில் நின்றார். ஒரு பையனைத் தத்தெடுத்து ஆளாக்கினார். 1994 வரை வாழ்ந்தார்.

ராமானுஜனின் நோட்டுகளையும் இந்த ஊர் மறக்கவில்லை. அவருடைய கையெழுத்தை அப்படியே படம் பிடித்து 1957-இல் இரண்டு தொகுதிகளாக வெளியிட்டது பம்பாய் டாடா அடிப்படை ஆராய்ச்சி நிறுவனம்.

நமக்கு

வேலை தேடும் எல்லோரும் ராமானுஜன் ஆகிவிட முடியாது. நோட்டு எழுதியவருக்கெல்லாம் உத்தியோகம் கிடைத்துவிடும் என்றும் சொல்ல முடியாது. அவருக்கே நாலு வருஷம் ஆயிற்று. கிடைத்ததும் 30 ரூபாய் குமாஸ்தா வேலைதான்.

ஆனால் அவரவர் கைக்கு ஏற்ற ஒரு சிலேட்டு இருக்கும். தட்டச்சு, கம்ப்யூட்டர், எலெக்ட்ரிக் வேலை, தையல், இந்தி, மராத்தி என்று எதுவாகவும் இருக்கலாம். தினமும் ஒரு நேரத்துக்கு எழுந்து அதைச் செய்யட்டும். செய்ததை எழுதி வைக்கட்டும். வாரம் இரண்டு பேரையாவது போய்ப் பார்க்கட்டும். நடுவில் என்ன செய்தாய் என்று நேர்முகத்தில் கேட்கும்போது தலை குனியாமல் பதில் சொல்லலாம்.

நம் போன்ற குமாஸ்தாக்களுக்கும் இதில் வேலை இருக்கிறது. ராமானுஜனைத் தூக்கிவிட்டவர்களில் பலர் பெரிய மனிதர்கள் இல்லை. ஒருவர் அறையில் இடம் கொடுத்தார், ஒருவர் நோட்டைப் பத்திரமாக வைத்துக்கொண்டார், ஒருவர் கடிதம் எழுதினார், ஒருவர் அலுவலகம் முடிந்து சிலேட்டுடன் உட்கார்ந்தார். ஊரிலிருந்து வந்த பிள்ளை அறையில் இருந்தால், இன்று மாலை வேலை கிடைத்ததா என்று கேட்பதற்குப் பதிலாக, இன்று என்ன கற்றுக்கொண்டாய், காட்டு பார்க்கலாம் என்று கேட்டுப் பாருங்கள்.